ஹார்ன்காரர் கேட்டு வாங்கிய டேக்

ஹார்ன்காரருக்கு மேல்வரிசை முன்பல் ஆடத் தொடங்கி மாதக்கணக்காகிறது. பித்தளை வாத்தியத்தை உதட்டோடு அழுத்தி ஊதுகிறவருக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுப்பது அந்தப் பல்தான். அது போனால் ஊதுவதும் போச்சு. அடுத்த வாரம் பிடுங்கியே தீர வேண்டும் என்று பல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். பாவம், இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆயுள் முழுக்க ஆர்க்கெஸ்ட்ராவில் பின்வரிசை. முன்னால் யாரோ கைதட்டல் வாங்க, பின்னால் ஊதி ஊதியே ஓய்ந்துபோன மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது போய் ஒரு யோகம் அடித்தது. பியானோவை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற செக் நாட்டு கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்கிறார்கள். அதில் ஒன்றின் மெதுவான நடுப்பகுதியை ஹார்ன்தான் தனியாகத் தொடங்க வேண்டும். நாலைந்து வரிதான், ஆனால் அந்த நேரத்தில் வேறு யார் சத்தமும் கிடையாது.

"இது மட்டும் நல்லா வந்துடட்டும். அப்புறம் பல்லு போனா போகட்டும்," என்று காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பியானோ வாசிக்கும் அம்மாள் பெரிய பிடிவாதக்காரி. மற்ற பகுதிகளில் நன்றாக வந்த துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள், நடுப்பகுதியில் மட்டும் கத்தரி படக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எடுத்தால் முழுசாக ஒரே டேக்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் டேக்கிலேயே ஹார்ன் வந்தது பாருங்கள், அப்படி ஒரு சுத்தம்! பக்கத்து நாற்காலிக்காரர் இவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "எனக்குத் திருப்தியில்ல. இன்னொரு தடவை போலாம்."

அந்த இன்னொரு தடவை குட்டி போட்டுக்கொண்டே போனது. ஒருமுறை நாற்காலி கிறீச்சிட்டது, ஒருமுறை யாரோ இருமித் தொலைத்தார். விரல் தாங்கும், உதடு தாங்குமா? சாயங்காலத்துக்குள் வீங்கிவிட்டது. பல் விண்விண் என்று தெறித்தது. எல்லாருக்கும் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று ஆகிவிட்டது.

கடைசி டேக்கில் ஹார்ன் பிசிறியது. நன்றாகவே பிசிறியது. நிறுத்துவார்கள் என்று பார்த்தார், யாரும் நிறுத்தவில்லை. பியானோ உள்ளே வந்தது. அடேயப்பா! இத்தனை வருஷத்தில் இவர் அப்படியொரு வாசிப்பைக் கேட்டதில்லை.

கண்ணாடி அறையில் இரண்டு டேக்கையும் போட்டுக் கேட்டார்கள். பதிவு செய்கிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஹார்ன் நல்லா வந்தது முதல் டேக்ல, பியானோ நல்லா வந்தது கடைசி டேக்ல. வெட்டி ஒட்டக்கூடாதுன்னா ரெண்டுல ஒண்ணைத்தான் வைக்க முடியும். இனிமே எடுக்க நேரமில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

அம்மாள் இவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். கடைசி டேக்கை வச்சா அந்தத் தப்பு காலத்துக்கும் உங்க பேர்லதான் நிக்கும். உங்களைக் கேக்காம வைக்க மாட்டேன்."

யார் எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்' என்றே சொல்லிப் பழகிய வாய் அது. இப்போதும் அதுதான் வரும் என்று அவரே நினைத்தார்.

"முதல் டேக்கையே வச்சுக்கலாம்," என்றார்.

அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார். "சரி," என்றார். "கடைசி டேக்ல ஒரு இடம்... அது எனக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. பரவாயில்ல விடுங்க." குரலில் கோபமில்லை, வெறும் களைப்புதான்.

பல்லைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அம்மாள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று சொல்லவில்லை. வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டாள்: "என்னங்க, நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்துச்சு."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு? பல்லு வலிக்குதா?"

"இல்ல," என்று நாற்காலியில் சாய்ந்தார். "அந்தம்மா என்னைவிட நல்லா வாசிச்சாங்க. அதைத்தான் தூக்கிப் போடச் சொல்லிட்டு வந்திருக்கேன்."