ஓர் எழுத்தும் மாறவில்லை

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் கோப்பன்ஹேகன் ஆய்வுகூடத்தில் ஓயாமல் வேலை செய்தோம். கொரோனா உறுதியானவர்களின் மாதிரிகள் நாடெங்கும் இருந்து வந்து குவிந்தன. ஒரு வைரஸின் மரபணு ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள். அவற்றை வாசிக்கும் இயந்திரத்துக்கு மாதிரிகளைத் தயார் செய்வது என் வேலை. எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்தால் எந்தத் திரிபு, எந்த ஊரில், யாரிடமிருந்து கிளைத்தது என்று ஓரளவு சொல்லலாம். இங்கிலாந்தில் முதலில் கண்ட புதிய திரிபு டென்மார்க்கின் மேற்கே யூலன்ட் பக்கம் பரவுகிறதா என்பதுதான் அப்போது எல்லோருடைய கவலையும்.

அண்ணை யூலன்டில், பிராண்டே என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். அப்பா அவரோடுதான் இருந்தார். அம்மா போன பிறகு அப்பாவுக்கு அண்ணைதான் எல்லாம். தடுப்பூசி வருமட்டும் வெளியே போவதில்லை என்று அப்பா பிடிவாதமாக வீட்டுக்குள்ளேயே இருந்தார். பின்வளவுக்குக்கூட அண்ணி கூப்பிட்டால்தான் இறங்குவார்.

அண்ணையின் இல்லத்தில் ஒரு வயோதிபப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு இல்லத்தின் அந்தப் பகுதியில் இருந்த எல்லோருக்கும். அண்ணைக்கு இலேசான தொண்டை நோவு மட்டும்தான். பரிசோதனை முடிவு வந்த உடனேயே அவர் மேல்மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குள் அப்பா இருமத் தொடங்கியிருந்தார்.

வைத்தியசாலையில் இருந்து ஒரு தாதி தொலைபேசியைப் பிடித்து எங்களுக்கு அப்பாவைக் காட்டினார். ஒட்சிசன் முகமூடிக்குள் அவர் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அண்ணை மட்டும், "ஓம் அப்பா, ஓம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று நான் பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா கண் திறக்கவில்லை.

செத்தவீடு முடிந்து சில கிழமைகளில் அண்ணை அழைத்தார். இல்லத்தில் தொற்று எப்படிப் பரவியது என்று ஆராயும் பெண்மணியோடு கதைத்திருந்தார். அப்பாவின் மாதிரியையும் தன்னுடையதையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்கப் போகிறாராம்.

"கேளாதேங்கோ அண்ணை," என்றேன்.

"ஏன்? நீ உந்த வேலைதானே செய்யிறாய்?"

"அதாலதான் சொல்லுறன். தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"வேற எங்கயாலும் வந்திருக்கலாம் பிள்ளை. என்ரை சின்ன மகள் பள்ளிக்கூடம் போய் வந்தவள். அண்ணி கடைக்குப் போனவ. அப்பாவின்ரை வேற எண்டு அவையள் சொன்னால் எனக்கு அது காணும்."

எங்களிடம் மாதிரிகள் பெயரில்லாமல் இலக்கமாகத்தான் வரும். அப்பாவினுடையது என் கையைக் கடந்து போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அதை நான் தேடக்கூடாது, தேடவுமில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணை மறுபடி அழைத்தார். குரல் மிக அமைதியாக இருந்தது.

"இல்லத்தில இருந்தது, என்னட்டை இருந்தது, அப்பாவின்ரை, எல்லாம் ஒண்டுதானாம். ஒரு எழுத்தும் மாறேல்லையாம்."

"ஒண்டா இருந்தால் ஆரிலயிருந்து ஆருக்குப் போனதெண்டு அது சொல்லாது அண்ணை," என்றேன். அது உண்மைதான். எங்கள் அறிக்கைகளிலும் அப்படித்தான் எழுதுவோம்.

"அப்பா வாசல் தாண்டேல்லையே."

நிலத்தடியில் இருந்த அந்தச் சாப்பாட்டு அறையில் சக ஊழியர்கள் டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பென்றால் ஒரு மனிதன் எங்கேயிருந்து வந்த நோயோ என்று சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பான். அண்ணைக்கு அந்தச் சந்தேகத்தையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. கைகழுவிவிட்டு மேலே போய், அன்றைக்கு வந்த மாதிரிகளை அடுக்கினேன்.

அண்ணை பராமரிப்பு வேலையை விட்டுவிட்டார். இப்போது காற்றாலை இறகுகள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பரப்பைத் தேய்த்து மட்டமாக்கும் வேலை. முழு உடுப்பும் முகமூடியும் போட்டு, யாரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை. எங்கள் பிரிவும் சுருங்கிவிட்டது. பரிசோதனைகள் நின்றன, இப்போது கழிவுநீரில்தான் பெரும்பாலும் திரிபுகளைத் தேடுகிறோம். புதிய ஒன்று வந்தால் ஒரு நாள் செய்தியில் சொல்வார்கள். யாரும் பயப்படுவதில்லை.

போன குளிர்காலத்தில் அப்பாவின் திவசத்துக்குப் பிராண்டேக்குக் கார் ஓடிப் போனேன். படைத்து முடிய எல்லோரும் சாப்பிட இருந்தோம். அண்ணையைக் காணவில்லை. அண்ணி ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு கராஜ் பக்கம் எடுத்துக்கொண்டு போனார்.

"எப்பவும் இப்பிடியோ?" என்று கேட்டேன்.

"அந்த முடிவு வந்த அண்டையிலயிருந்து எங்களோட இருந்து சாப்பிடுறேல்லை," என்றார் அண்ணி. "நானும் சொல்லிக் களைச்சுப் போனன்."

என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சக்கரங்கள் அடுக்கிய மூலையில் மடிப்புக் கதிரையில் இருந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைமுழுக்க நரைத்திருந்தது. கதவடியில் நின்றேன்.

"அண்ணை, அந்த நேரம் ஆருக்கும் ஒண்டும் தெரியாது. நீங்கள் வேலைக்குத்தானே போனியள்."

"ஓம்," என்றார். "உள்ள போ பிள்ளை. இஞ்சை குளிருது."

அவர் நிமிரவில்லை. உள்ளே போய்விட்டேன்.