ஷூவில் ஏறிய மணல்

பாலாற்றங்கரை மேட்டில் வேம்பும் புங்கையும் அடர்ந்த தோப்பு அந்த அம்மாவுடையது. ஒல்லியான உடம்பு, ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு, எதிராளியைப் பேசவிட்டுப் பார்க்கும் கண். தோப்பை மணலுக்காக வாங்க நினைத்த புரோக்கர், மண் பரிசோதிக்கும் என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

சருகை விலக்கித் தோண்டினேன். மேலே நாலு விரல் கறுப்பு மண், அதன் கீழே வெறும் மணல். பிடித்தால் உருண்டையாகவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றியதும் உள்ளே போய்விட்டது.

"தண்ணி நிக்காத மண்ணும்மா, வித்துடுங்க" என்றேன்.

"இங்க நிக்காம எறங்குற தண்ணிதான் என் கெணத்துல நிக்குது. ஊர்ல மத்த கெணத்துலல்லாம் தோல் பதனிடுற கம்பெனிக் கழிவு எறங்கி ஒரே தோல் நாத்தம். இதைக் குடிச்சிப் பாரு" என்று சொம்பை நீட்டினார்.

குடித்தேன். இனித்தது.

கிளம்பும்போது வாசல் கேட்டருகே தன் செருப்பைக் கழற்றி, மணலை உள்ளேயே தட்டிவிட்டார். "நீங்களும் ஷூவைத் தட்டிட்டுப் போங்க."

"ஒரு பிடி மணல் போனா இன்னாம்மா?" என்று புரோக்கர் சிரித்தார்.

"இன்னிக்கு ஒரு பிடி வுட்டா நாளைக்கு லாரி வரும்."

கேட்டைத் திறக்கவில்லை. கடைசியில் புரோக்கரும் ஒற்றைக்காலில் தள்ளாடியபடி தட்டினார்.

இப்போதெல்லாம் யாருடைய நிலத்திலிருந்து கிளம்பினாலும், யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றித் தட்டிவிடுகிறேன்.