பனி படியாத பானெட்

சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையிலிருந்து தண்ணீர் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டபோது, வேன்காரம்மா குளியலறையில் முகமெல்லாம் சோப்போடு நின்றிருந்தாள். அது கிழட்டு மோட்டார். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தொண்டை வற்றச் சொன்னாலும் அந்த ஸ்விட்ச் பக்கமே போகாத மகள் இன்று தானாகவே போட்டிருக்கிறாளே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. இனி தைரியமாக அவள் கையில் ஒரு காரைக் கொடுக்கலாம்.

வேன்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். கணவன் கண்ணை மூடியபோது இடுப்பில் இருந்த குழந்தையை, பள்ளிக்கூட வேன் ஓட்டித்தான் வளர்த்து ஆளாக்கினாள். வேனில் அவளுக்கு உதவிக்கு வந்தவன் கூடப்பிறந்த தம்பி. ஒரு மழைக்காலத்துக் காலையில் இருமி இருமிக் கிளம்பிய வேன், ரயில் தண்டவாளத்தின் நடுவில் நின்றே போய்விட்டது. உள்ளே வண்டி நிறையப் பிள்ளைகள். அக்காவும் தம்பியும் கைக்குக் கிடைத்த பிள்ளையை எல்லாம் இழுத்து இறக்கினார்கள். பின் சீட்டில் தூங்கிப்போயிருந்த குட்டிப் பெண்ணைக் கடைசியாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவன் தம்பிதான். தூரத்தில் வந்த ரயிலைக் கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைய பயம் அவளை இன்றுவரை விடவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எந்தப் பழைய வண்டியானாலும் வாங்குவதற்கு முன் ராத்திரி முழுக்க வெளியில் நிற்க வேண்டும். எஞ்சின் ஜில்லென்று ஆன பிறகு, விடிந்ததும் முதல் சாவிக்கு எப்படிக் கிளம்புகிறது என்று காதால் கேட்பாள். பளபள பெயிண்டும் புது சீட் உறையும் அவளிடம் செல்லாது. "சூடேறிட்டா கிழவனும் குமரன் மாதிரி ஓடுவான். காலையில படுக்கையை விட்டு எப்படி எந்திரிக்கிறான்னு பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். வார்டில் வேலை முடிந்து வெளியே வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். அம்மா வேனைக் கொண்டுபோய் நிறுத்தினால், "ஸ்கூல் பாப்பா கிளம்பிடுச்சு" என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். கைக்கு அடக்கமான விலையில் ஒரு பழைய கார் தேடி மாதக்கணக்காகிவிட்டது. வந்த வண்டியை எல்லாம் அம்மாவின் காது கழித்துக்கட்டியது. கடைசியில், இப்போது பழைய கார் வாங்கி விற்கும் தம்பியே முந்தின இரவு ஒரு நீலக் காரை ஓட்டிவந்தான். "காலையில நீயே கேட்டுக்கோ அக்கா" என்று சாவியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டான்.

குளித்து முடித்து, தலையில் துண்டோடு வேன்காரம்மா வாசலைப் பார்த்த ஜன்னலருகில் வந்து நின்றாள். மோட்டார் ஓய்ந்திருந்தது. "இப்ப போடும்மா" என்று குரல் கொடுத்தாள். காருக்குள் இருந்த மகள் சாவியைத் திருப்பினாள். பாதித் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை.

"என்னக்கா, பாஸா?" என்றான் தம்பி வாசலிலிருந்து.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாய்மாமன் கையால் பெண்ணுக்கு ஒரு நல்ல வண்டி அமைந்துவிட்டதே! ஓடிவந்து, பிள்ளையைத் தடவிக்கொடுப்பது போல பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

இப்போதுதான் கிளம்பிய எஞ்சின் அதற்குள் மேல் தகட்டைச் சூடாக்காது. அவள் சுற்றிலும் பார்த்தாள். எதிர்வீட்டு ஸ்கூட்டரில் பனி, கேட்டில் பனி. இதே காரின் கூரையில்கூட முத்து முத்தாகப் பனி. பானெட் மட்டும் துடைத்துவிட்டது போலக் காய்ந்து கிடந்தது.

தம்பியைப் பார்த்தாள். "வெயில் பட்டிருக்கும்க்கா" என்றான் அவன்.

"எந்த வெயில்டா? சூரியன் இன்னும் முகமே கழுவல."

அப்போது அவள் தோளில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மாடித் தொட்டி வழிந்து சுவரெல்லாம் நனைந்திருந்தது. நேற்று சாயங்காலம் அவளே தளும்பத் தளும்ப நிரப்பிய தொட்டி. அதற்கு எதற்கு விடியற்காலையில் மோட்டார்? அந்த இரைச்சலுக்குள் வாசலில் எந்த வண்டி ஓடியிருந்தாலும் குளியலறையில் கேட்டிருக்காது. தம்பிக்கோ அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அவள் மெல்லக் காருக்குள் குனிந்தாள். "நீயாடி?"

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குளிர்ல மட்டும்தான் தகராறு பண்ணுமாம். மாமா சொன்னார். நீ கேட்டா இதையும் வேண்டாம்னு சொல்லிடுவே. இன்னும் எத்தனை வண்டிம்மா?"

மென்று விழுங்கி மென்று விழுங்கி தம்பி மீதியைச் சொன்னான். தெரியாத்தனமாக வாங்கி மாட்டிக்கொண்ட வண்டியாம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்களாம். அக்காவின் காதை எப்படித் தாண்டுவது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தானாம். போகப் போகச் சரிபண்ணித் தந்துவிடுவானாம்.

வேன்காரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு வலி குறைந்திருக்கும்.

"ஊர்ல யார் தலையிலயும் கட்ட முடியாததை இவ தலையில கட்ட வந்தியா? அன்னைக்குத் தண்டவாளத்துல கடைசியா நீ தூக்கிட்டு ஓடிவந்த குழந்தை யாருன்னு மறந்துபோச்சாடா?"

மகள் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாத விஷயம் அது. மாமாவின் குனிந்த தலையே அவளுக்குப் பதில் சொன்னது.

அவள் காரை விட்டு இறங்கினாள். "அம்மா, எனக்குத் தெரியாது..."

"அவன் சொல்லிக்கொடுத்தான், சரி. மோட்டாரைப் போட்ட கை உன்னுதுதானே?"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேன்காரம்மா காரிலிருந்து சாவியை உருவி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். சின்ன வயதில் மிட்டாய் கொடுத்துவிட்டு அவன் கையை அப்படித்தான் மூடுவாள். அவன் காரில் ஏறினான். பாதித் திருப்பிலேயே, பரம சாது போல, கார் கிளம்பித் தெருமுனை திரும்பியது.

வேன்காரம்மா படியேறி நிலையருகே நின்றாள். மகள் அவளைத் தாண்டி உள்ளே வரும்வரை காத்திருந்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு கதவைச் சாத்தினாள்.