பெரியம்மா கழுவிக் கொடுத்த கலயம்

திருச்சுழிப் பக்கம் எங்கள் கரிசலில் பெரியப்பா பண்ணைக்குட்டை வெட்டியபோது, ஜேசிபியின் பல்லில் ஒரு முதுமக்கள் தாழி சிக்கியது. தாழி நொறுங்கிப் போய்விட்டது. அதற்குள் இருந்த சின்னக் கறுப்புக் கலயம் மட்டும், வாய்வரைக்கும் மண் அடைத்தபடி, கீறல் இல்லாமல் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் யாருக்கோ போன் போட்டார். மறுநாள் மியூசியத்திலிருந்து ஆள் வருவார்கள், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று பதில் வந்தது.

பெரியம்மாவுக்குப் பத்திரம் என்றால் முதலில் சுத்தம். அதிலும் இது செத்தவர்களோடு புதைத்த பாத்திரம். தீட்டோடு வாசல் தாண்ட விடுவாளா? தெருவிலேயே வைத்து, உள்ளே இருந்த மண்ணைக் குச்சியால் கிளறிக் கொட்டினாள். தேங்காய் நாரால் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் அலசினாள். எங்கள் ஊரில் தண்ணீரை வீணாக்க மாட்டார்கள். அந்த மண்ணும் தண்ணீரும் கறிவேப்பிலைத் தூருக்குப் போயின. கோழிகள் உடனே வந்து கிளறின. கடைசியில் கலயத்துக்குள் ஒரு பிடி குதிரைவாலி போட்டு வைத்தாள்.

மறுநாள் ஜீப்பில் ஒரு இளம்பெண் வந்தார். பழைய பொருள்களை அழியாமல் காப்பதுதான் அவருக்கு வேலையாம். கலயத்துக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. தானியம் இருக்கிறதே என்று அவசரமாகக் கையுறையை மாட்டினார்.

"அது நம்ம குதிரவாலி தாயி. போன மாசம் அறுத்தது. வெறுஞ்சட்டியாக் குடுத்துவிடக் கூடாதுல்ல?" என்றாள் பெரியம்மா.

உள்ளே இருந்த மண் எங்கே என்று அவர் கேட்டார். பெரியம்மா கறிவேப்பிலைச் செடியைக் காட்டினாள். அவர் மாட்டிய கையுறையைக் கழற்றினார். பிறகு, "நல்லாக் கழுவியிருக்கீங்கம்மா" என்றார்.

அந்தச் சொல்லைப் பெரியம்மா சாகும்வரை விடவில்லை. சம்பந்தி வீட்டாரிடம்கூடப் பெருமையாகச் சொல்வாள். மதுரையில் காலேஜில் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் தேடி வந்ததே அந்த மண்ணைத்தான். செத்தவருக்கு என்ன சோறு வைத்து வழியனுப்பினார்கள் என்பதை அது சொல்லியிருக்கும். இனி யாராலும் சொல்ல முடியாது. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அவ்வளவு மரியாதையாகச் செய்தவளை யார் போய்க் கோபிப்பது? அவளிடம் நான் கடைசிவரை மூச்சு விடவில்லை.

அன்றைக்கு அந்தப் பெண் வெயிலில் கறிவேப்பிலைத் தூரில் குத்தவைத்து, ஈர மண்ணை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னக்கா தொலைச்சீக, கம்மலா?" என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கோழிகளை விரட்டிவிட்டுத் தேடினேன். கடைசியில் அவர் ஒரு கை மண்ணை மட்டும் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜீப்பில் ஏறும்போது பார்த்தால், அவருடைய இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.