பட்டியலில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர்

தேர்தல் நேரத்தில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஒரு வேட்பாளர் வந்தார். பெரிய கட்சியொன்றின் கண்டிப் பட்டியலில் இருந்த ஒரே தமிழர் அவர்தான். வெள்ளைச் சட்டை, சாயம் பூசிய மீசை. வாய் திறந்தால் 'நம்ம ஆளுங்க' என்பார்.

மழையில் எங்கள் லயத்தின் பின்சுவர் சரிந்து கிடந்தது. வீடு கட்டக் காணி கேட்கப் பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கே போடுவதென்று முடிவு செய்திருந்தோம்.

வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு, அதன் பட்டியலில் மூன்று பேருக்கு அவரவர் எண்ணில் விருப்பு வாக்குப் போடலாம். அவர் தந்த துண்டுப்பிரசுரத்தில் மூன்று எண்கள் இருந்தன. மூன்றும் சிங்கள ஐயாமாருடையவை.

"அண்ணே, ஒங்க நம்பர் எங்க?" என்று என் அக்கா கேட்டாள்.

"அது வேணாம்மா. இந்த மூணையும் போடுங்க, போதும்."

"அப்ப நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"நம்ம ஆளு ஒருத்தன் லிஸ்டுல இல்லாட்டி நீங்க கட்சிக்குப் போடுவீங்களா?"

"அப்ப நீங்க தூண்டில்ல மாட்டுன புழுவாண்ணே?"

"புழுவுக்கும் வெள்ளச் சட்ட குடுத்திருக்காங்கம்மா" என்று சிரித்தார்.

மூன்று ஐயாமாரும் வென்றார்கள். எங்களுக்குக் காணி கிடைக்கவில்லை. கண்டி நகரில் வெற்றி ஊர்வலத்தைப் பார்த்தேன். தோற்றுப்போன அந்த மனிதர் அவர்களுடைய ஜீப்புக்குப் பின்னால் வேர்க்க விறுவிறுக்கக் கைதட்டிக்கொண்டு ஓடினார். எங்களை விற்றதுகூட எனக்குப் புரிகிறது. அவர் முகத்திலிருந்த சந்தோஷம் நடிப்பில்லை. அதுதான் இன்னும் புரியவில்லை.