அருவிக்குள் ஏசிய ஏச்சு

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். குற்றாலத்தில் சீசன் வந்தால் ஊரே குளிரும். எங்கள் மானேஜர் மட்டும் கொதிப்பார். அவர் மேசை மணியைத் தட்டினால் போதும், என் கை ஒரே எழுத்தை இரண்டு தடவை அடிக்கும். நாளடைவில் அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டின் நடுவே கோயில் மணி கேட்டாலும், "வந்துட்டேன் சார்" என்று எழுந்துவிடுவேன்.

"பூசாரி உங்கள டைப் அடிக்கக் கூப்பிடல, உக்காருங்க" என்பாள் என் மனைவி. கல்யாணமான புதிது. சிரித்தாலும் அவளுக்கு உள்ளூரக் கவலைதான். தூக்கம் போய், வேலையையே விட்டுவிடுகிறேன் என்று நான் புலம்பத் தொடங்கியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஐந்தருவிக்கு இழுத்துப் போனாள். "உள்ள நின்னு அந்த மனுசன ஆசை தீர ஏசிட்டு வாங்க. அந்த எரைச்சல்ல யாருக்குக் கேக்கப் போவுது?"

தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குள் புகுந்தேன். மீசை, மணி, வழுக்கை என்று ஒன்றையும் விடவில்லை. ஏச ஏச உடம்பு லேசானது. எவ்வளவு லேசென்றால், கூட்டம் என்னை வெளியே தள்ளிவிட்டதே தெரியவில்லை. காதுக்குள் தண்ணீர் அடைத்து இன்னும் இரைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியபடியே, "அந்த மணிய உம்ம வழுக்கையில அடிச்சா கணீர்னு கேக்கும்வே" என்று முழங்கினேன்.

கண்ணைத் திறந்தால், கைக்கெட்டும் தூரத்தில் பாறைமேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதே வழுக்கை.

வேலை போயிற்று என்று முடிவு கட்டினேன். கரையில் என் மனைவி துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மானேஜர் மெதுவாக எழுந்து வந்தார்.

"முடிச்சிட்டீராவே? அப்ப வழிய விடும். எனக்கும் மேல மொதலாளின்னு ஒருத்தர் இருக்காருல்லா."

உள்ளே போனார். சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. வெகுநேரம் அசைந்தது.

மறுநாள் மணி அடிக்கவில்லை. அவரே என் மேசைக்கு வந்தார். "வார ஞாயித்துக்கெழமையும் போவமாவே? நீர் மொதல்ல ஏசி முடிச்சிரும். எனக்குக் கொஞ்சம் நேரமாவும்."

பிற்பாடு நானும் மானேஜரானேன். வழுக்கையும் வந்து சேர்ந்தது. சாரல் விழுந்ததும் ஆபீஸ் ஆட்களை ஐந்தருவிக்கு அனுப்பிவைப்பேன்; கூட மட்டும் போகமாட்டேன். திங்கட்கிழமை அவர்கள் தெளிந்த முகத்தோடு வந்து உட்காரும்போதெல்லாம், அருவிக்குள் ஏச்சு வாங்குவதும் மானேஜர் உத்தியோகத்தில் சேர்ந்ததுதான் என்று நிம்மதியாக இருக்கும்.