மூன்று நாள் தாமதம்

அந்த வக்கீல் ஆபீஸில் ஏழு வக்கீல்கள். வாசலில் பெயர்ப்பலகை அவர்களுக்குத்தான். ஆனால் எந்த அப்பீலுக்கு என்றைக்குக் கெடு என்று கேட்டுப் பாருங்கள், ஏழு பேரும் ஒரே குமாஸ்தாவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஃபைலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

இருபத்திரண்டு வருஷமாகக் கெடு டைரி அவள் கையில். ஒரு தேதியை எழுதிவிட்டு, மறுபடியும் விரல் விட்டு எண்ணுவாள். "அதான் கம்ப்யூட்டர் சொல்லுதே அக்கா" என்று இளசுகள் கிண்டலடித்தால், "தப்பாச்சுன்னா கம்ப்யூட்டரையா கூண்டுல ஏத்துவாங்க?" என்பாள். அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கும் சறுக்கியது. ஆபீஸின் கட்சிக்காரர், தையல்கார அம்மா ஒருத்தி. கடையும் குடித்தனமும் ஒரே வாடகை வீட்டில். காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பு நகல் கோர்ட்டில் தயாரான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். ஃபைலக்காவோ நகலின் முன்பக்கத்தில் தன் ஆபீஸ் குத்திய முத்திரையைப் பார்த்து எண்ணிவிட்டாள். பின்பக்கத்தில் கோர்ட் முத்திரை மூன்று நாள் முந்தியது. தன் கணக்கில் முப்பதாம் நாள் அப்பீலைக் கொண்டுபோக எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மறுபடியும் விரல் விட்டு எண்ணினாள்; கெடு முடிந்து மூன்று நாள். கோர்ட் தாமதத்தை மன்னித்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த அம்மா தெருவில்தான்.

சீனியர் தலையைச் சொறிந்தார். "அந்தம்மாவுக்குக் காய்ச்சல், அதான் தாமதம்னு போட்டுடலாம். எல்லாரும் போடுறதுதானே? நம்ம தப்புன்னு எழுதினா ஆபீஸ் மானம் போயிடும்."

"அவங்க கையெழுத்துல நம்ம பொய்யா சார்? நாளைக்கு டாக்டர் சீட்டு எங்கேன்னு கேட்டா, வீடு போறது அவங்களுக்கு. தப்பு என்னோடது. என் பேர்லயே பிரமாணப் பத்திரம் போடுங்க."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார். ஆனாலும் மறுக்கவில்லை.

அவளே டைப் அடித்தாள். எப்படி எண்ணினாள், எங்கே பிசகினாள், எல்லாம் ஒளிவு மறைவில்லாமல் ஒரே பக்கம். பிறகு தையல்கார அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் அழுகை, அப்புறம் திட்டு. இவள் போனை வைக்காமல் அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அடேயப்பா, அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்!

விசாரணை நாள். பத்திரத்தைப் படித்துவிட்டு நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாள் தாமதத்துக்கே ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஆள். எழுந்தவர், பின்வரிசையில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, இருபது வருஷமா இவங்க எங்களுக்கு அனுப்புற கேஸ் கட்டுல ஒரு தாள் குறைஞ்சதில்லை. ஒரு தடவை எங்க கட்டுல இருந்த தப்பை இவங்கதான் போன் பண்ணிச் சொன்னாங்க. இவங்க எழுதியிருந்தா அது உண்மையாத்தான் இருக்கும். தாமதத்துக்கு ஆட்சேபணை இல்லை."

அவருடைய கட்சிக்காரரான வீட்டுச் சொந்தக்காரர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். வக்கீல் அசையவில்லை. தாமதத்தை மன்னித்து அப்பீலை விசாரணைக்கு ஏற்றுக்கொள்வதாக நீதிபதி உத்தரவு போட்டார்.

வராந்தாவில் தையல்கார அம்மா காத்திருந்தாள். ஃபைலக்கா கைகூப்பப் போனாள்.

"எனக்குக் கோபம் இன்னும் போகலம்மா" என்றாள் அந்த அம்மா. "ஆனா கேஸ் முடியுற வரைக்கும் என் கட்டை நீங்கதான் வெச்சிருக்கணும். வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க."

அதுவரை கல்லு மாதிரி நின்ற ஃபைலக்கா, அங்கேயே அழுதுவிட்டாள்.